விபத்தில் இறக்காத என் அக்காவுக்கு

முதலில் என்னைத் திட்டிவிடு, என் தர்சி அக்கா. பிறகு இதை வாசி.

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. முதலாம் ஆண்டு நினைவு மலருக்கு எழுதித் தரும்படி அப்பா கேட்டார். போன வருடம் உன் முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்த மலரிலும் நான்தான் எழுதினேன். வழவழப்பான தாள். முகப்பில் நீ வெனிஸில் படகில் இருந்து சிரிக்கிற படம். ஸ்காபரோ மண்டபத்தில் சாப்பிட வந்தவர்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்தோம். "இத்தாலி தேசத்தில் நேர்ந்த வாகன விபத்தில் எம்மை மீளாத் துயரில் ஆழ்த்திச் சென்றாய்" என்று தொடங்கியிருந்தேன். சனம் வாசித்து அழுதது. கை கழுவப் போன ஒரு அன்ரி திரும்பி வந்து என் கன்னத்தைத் தடவினார்.

"என்ன வடிவான தமிழ், பிள்ளை. கனடாவில பிறந்த பிள்ளை எண்டு ஆர் நம்புவினம்?"

வடிவான தமிழில் எழுதிய பொய் அது. நீ எந்த வாகனத்திலும் சாகவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், உன் வீட்டுச் சமையலறையில், உன் கணவன் பிரையன் உன் தலைமயிரைப் பிடித்து, நீ புட்டுக்கு மாக் குழைக்கிற அந்தக் கல் மேசையின் விளிம்பில் மோதினான். ஒரு தடவை இல்லை. நீ விழுந்த பிறகும் நிறுத்தவில்லை.

இந்த முறை இதைத்தான் எழுதுகிறேன்.

உன் மகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அதைத்தானே கேட்பாய். இத்தாலியில் சட்ட அலுவல்கள் முடிந்து மாயா எங்களிடம் வந்து நாலு மாதம். இரண்டாம் வகுப்பு. சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு. அம்மாவை அம்மம்மா என்றும் அப்பாவை அம்மப்பா என்றும் கூப்பிடுகிறாள். இடியப்பத்தைக் கத்தரிக்கோலால் வெட்டித் தரச் சொல்லிக் கேட்கிறாள். முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. தானாக விழுந்தது, அக்கா. அதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒன்று மட்டும் செய்யமாட்டாள். பிரிட்ஜைத் திறக்கமாட்டாள். பால் வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து நிற்பாள், யாராவது எடுத்துக் கொடுக்கும்வரை. ஏன் என்று கேட்டேன். "அந்த ஊருகள் எனக்கு விருப்பமில்லை" என்றாள். பிரிட்ஜ் கதவு நிறைய நீ அனுப்பிய காந்தப் படங்கள். வெனிஸ், பீசா, ரோம், புளோரன்ஸ், நாப்போலி. பதினொன்று. அம்மா அவற்றைத் தூசு படாமல் துடைத்துத் துடைத்து வைத்திருந்தா.

அந்த ஊரில் உங்களை எல்லாரும் அமெரிக்கக் குடும்பம் என்றுதான் சொன்னார்கள் என்று சிரித்தாய், நினைவிருக்கிறதா? வெரோனாவுக்குப் பக்கத்துச் சின்ன ஊர், மூன்றாம் மாடி. பிரையனுக்கு அங்கே வேலை கிடைத்து, பஃபலோவிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு போனீர்கள். "ஸ்காபரோவில பிறந்தவளை இங்க அமெரிக்கக்காரி எண்டு கூப்பிடுறாங்களடி. சந்தையில கத்தரிக்காய் விக்கிற கிழவன் என்னைக் கண்டா 'அமெரிக்கா, அமெரிக்கா' எண்டு கத்துறான். நான் வாங்கிறதைப் பாத்தா அவனுக்குச் சந்தேகம் வரும். கறிவேப்பிலை கேட்டனான்."

மாயாவைப் பள்ளியில் விட்டுவிட்டு, வீட்டு வேலை முடித்து நீ கூப்பிடும்போது எனக்கு இங்கே காலை. பின்ச் தெரு பஸ்ஸில் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பேன். அந்த ஊரின் எல்லாவற்றையும் உன் குரலில்தான் பார்த்தேன். வெள்ளிக்கிழமைச் சந்தை. மத்தியானம் ஒரு மணிக்குப் பூட்டி நாலு மணிக்குத் திறக்கிற கடைகள். எந்தக் குப்பையை எந்த நிறப் பையில் போடுவது என்று கீழ் மாடி மூதாட்டி உன்னிடம் பிடித்த சண்டை. சோள மாவில் நீ அவித்த மஞ்சள் புட்டு. "பிரையன் அதைக் கேக் எண்டு நினைச்சுச் சொக்லேற் பூசித் தின்னுறான்" என்றாய். பஸ்ஸில் சத்தம் போட்டுச் சிரித்தேன். அவனை எனக்குப் பிடித்திருந்த காலமும் உண்டு. அதையும் எழுதத்தான் வேண்டும்.

பிறகு பயணங்கள் தொடங்கின. திடீர் திடீரென்று. முதல் நாள்வரை ஒன்றும் சொல்லமாட்டாய். மறுநாள் குடும்பக் குழுவில் படம் வரும்: சாய்ந்த கோபுரம், படகு, ஏரி, மாயாவின் கையில் ஐஸ்கிரீம். அம்மா போனை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு அன்ரியிடம் ஓடுவா.

"பாருங்கோ, போன கிழமை ரோம். இப்ப பாருங்கோ, கடல்."

"உங்கட மகள் குடுத்து வச்சவள். எங்கட மருமகன் ஒருக்கா வசாகா பீச்சுக்குக் கூட்டிக்கொண்டு போறதுக்கே ஆறு மாசம் யோசிக்கிறார். வெள்ளைக்காரன் வெள்ளைக்காரன்தான்."

மூன்றாவது பயணத்துக்குப் பிறகு நீ ஒரு காலையில் கூப்பிட்டாய். உன் குரல் வழமையை விட மெதுவாக இருந்தது. வலது காதில் போனை வைக்க முடியவில்லை, இடது காதில் வைத்திருக்கிறேன் என்றாய். ஏன் என்று கேட்டேன்.

"உது வெனிஸ்" என்றாய். "பீசா சின்ன விரல். ஏரிக்குப் போனது, அது சும்மா முதுகு."

எனக்கு விளங்க ஒரு நொடியும் தேவைப்படவில்லை. நம் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அப்பாவின் நீல நிற வான் வண்டி நினைவிருக்கிறதா? அம்மாவை அவர் அடித்த மறுநாள் காலையில், நாங்கள் எழும்ப முன்னமே வான் கழுவித் துடைத்து நிற்கும். "வெளிக்கிடுங்கோ, வெளிக்கிடுங்கோ, நயாகரா போவம்." அம்மா ரோல்ஸ் பொரிப்பா. வீங்கின கையால் பொரிப்பா. ஒரு தடவை அலமாரிக் கதவில் அவவின் நெற்றி பட்டு, கதவின் கண்ணாடி வெடித்து, நீயும் நானும் கட்டிலில் இருந்து அந்தத் துண்டுகளை எண்ணினோம். மறுநாள் நயாகரா. அம்மா கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறா, அப்பா அவவின் தோளில் கை போட்டிருக்கிறார், பின்னால் தண்ணீர் விழுகிறது. அந்தப் படம் இன்னும் வரவேற்பறையில் தொங்குகிறது. வருகிறவர்கள் அம்மாவை அந்த நாளிலேயே ஸ்டைல் என்று சொல்வார்கள்.

நம் வீட்டில் மன்னிப்புக் கேட்கிற முறை அதுதான். அடி, பிறகு பயணம். நீயே தேடி, அப்பா திருமணத்துக்கு வரமாட்டேன் என்று அடம்பிடிக்க, பஃபலோவில் மோதிரம் மாற்றிக்கொண்டு, கடல் தாண்டிப் போயும் அதே வானில் ஏறினாய்.

"வாடி வீட்டை" என்றேன். "பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பிளேனில ஏறு."

"வந்து? அப்பா இப்பதான் என்னோட கதைக்கிறார். அதுவும் பெருமையாக் கதைக்கிறார். 'நீயாத் தேடினது தானே' எண்டு ஒருக்காச் சொன்னாரெண்டா நான் செத்துப்போவன்."

"அம்மாட்டைச் சொல்லுவம்."

"அம்மாட்டைச் சொல்லாத. சத்தியம் பண்ணு. உனக்கு இப்ப அனுப்பின காயப் படங்களையும் பாத்திட்டு அழிச்சிடு."

சத்தியம் பண்ணினேன். படங்களை அழித்துவிட்டதாகவும் சொன்னேன். உடனே நீ குரலை மாற்றிக்கொண்டு, "சரி, உனக்கு இன்னும் ஒருத்தனும் அகப்படேல்லையே? புத்தகத்தையே கட்டிக்கொண்டு படு" என்று கேலி பண்ணினாய். நானும் சிரித்தேன். என்னுடைய தரிப்பிடம் வந்தது. இறங்கினேன். வேலைக்குப் போனேன். அதன்பிறகு எட்டுக் காந்தங்கள் வந்தன, அக்கா. ஒவ்வொன்றும் தபாலில் வந்தபோது நான் கேட்டதெல்லாம் "இது எது?" என்பது மட்டும்தான். நீ சொன்னாய். கை. விலா. கோப்பிக் கேத்தல், தொடை. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டிருப்பதை உதவி என்று எப்படி நினைத்தேன்?

உன் உடலை எடுக்க அம்மாவும் நானும் போனோம். கீழ் மாடி மூதாட்டி படியில் நின்று எங்களைப் பிடித்துக்கொண்டார். ஆங்கிலம் தெரியாது. பொலிஸோடு வந்த மொழிபெயர்ப்புப் பெண் சொல்லச் சொல்ல, அவர் கூட்டுகிற தும்புத்தடியைத் தூக்கித் தன் வீட்டு உட்கூரையில் இடித்து இடித்துக் காட்டினார். அந்த ஊரில் கோடையில் வெயிலுக்காக எல்லா வீட்டிலும் பகலில் யன்னல் ஷட்டரை இறக்கிவிடுவார்களாம். குளிர்காலத்தில், வெயிலே இல்லாத மத்தியானத்தில் இறங்குவது அமெரிக்கக் குடும்பத்தின் ஷட்டர் மட்டும்தானாம். அது இறங்குகிற சத்தம் கேட்டால் தும்புத்தடியால் மேலே இடிப்பாராம். அந்தச் செவ்வாய்க்கிழமையும் இடித்தாராம். அன்றைக்குத்தான் பொலிஸையும் கூப்பிட்டாராம்.

பிரையன் ஓடவில்லை. அவர்கள் வந்தபோது அவன் மேசையில் இருந்து போனில் கடற்கரை ஹோட்டல் ஒன்றைப் பதிவு செய்துகொண்டிருந்தானாம். இப்போது அங்கேயே சிறையில் இருக்கிறான். விசாரணை வருகிறது.

திரும்பி வரும்போது விமானத்தில் அம்மா என் பக்கம் திரும்பாமல் சொன்னா. "அப்பா போனில சொன்னவர். கார் அக்சிடென்ட் எண்டு சொல்லுவமாம். சனம் நூறு கதைக்கும் பிள்ளை." நான் ஓம் என்றேன். அந்த ஒரு சொல்லிலிருந்துதான் அந்த வழவழப்பான மலர் வந்தது.

இனி போன சனிக்கிழமைக்கு வருகிறேன்.

காலையில் தமிழ் வகுப்பு முடிந்து மாயாவைக் கூட்டிவந்தேன். அவள் அறைக்குள் படம் கீறிக்கொண்டிருந்தாள். அம்மா புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தா. அப்பா பழைய மலரைச் சாப்பாட்டு மேசையில் என் முன்னால் வைத்தார்.

"இதையே கொஞ்சம் மாத்தி எழுது. விபத்து எண்டது அப்பிடியே வரவேணும். அச்சகத்துக்குத் திங்கள் குடுக்கவேணும்."

"இல்லை அப்பா. அவன் அக்காவைக் கொலை செய்தவன் எண்டுதான் எழுதப்போறன்."

"உனக்கு விசரே?"

"வெரோனாவில லோயர் என்ர போனில கிடக்கிற படங்களைக் கேக்கிறா. நான் போய்ச் சாட்சி சொல்லப்போறன். அங்க கோர்ட்டில ஒண்டும் இங்க மலரில ஒண்டுமா எழுதேலாது."

"சனம் என்ன சொல்லும் தெரியுமே? தானாத் தேடிப் போனவள், வேணும் எண்டு சொல்லும். என்ர பிள்ளையை அப்பிடிச் சொல்ல விடுவனே? அவள் செத்துப்போனாள். இனி அவளுக்கு ஒரு நோவும் இல்லை. உயிரோட கிடந்து முகம் குடுக்கிறது நாங்கள்."

அவர் குரல் உடைந்தது. உண்மையாகவே உடைந்தது, அக்கா. உன்னைக் காப்பாற்றுவதாகத்தான் அவர் நினைத்தார். அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம்.

"அவன் அக்காவைக் கூட்டிக்கொண்டு போன இடமெல்லாம் ஏன் எண்டு உங்களுக்கு விளங்கேல்லையே அப்பா? நீங்களும் எங்களை நயாகராவுக்குக் கூட்டிக்கொண்டு போனனீங்கள்தானே."

கதிரை பின்னால் விழுந்த சத்தம் முதலில் கேட்டது. இருபது வருடமாகக் கேட்காத சத்தம், ஆனால் என் கழுத்து அதை மறக்கவில்லை. தானாகக் குனிந்தது. அடி கன்னத்தில் விழுந்து மூக்குக்கண்ணாடி சுவரில் போய் மோதியது. வாய்க்குள் உப்புக் கரித்தது. அவர் கை மறுபடியும் மேலே போனது. முழங்கால் தேய்ந்த, மருந்துப் பெட்டியோடு திரிகிற மனிதர். அந்தக் கை மட்டும் அப்படியே இருக்கிறது. "வாயை மூடு" என்று அவர் கத்தியது தெருவுக்குக் கேட்டிருக்கும்.

அப்போது வாசல் பக்கமிருந்து ஜாக்கெட் சிப் இழுக்கிற சத்தம் வந்தது.

மாயா வாசலில், செருப்புகள் கழற்றுகிற அந்தக் கால்மிதியில் இருந்தாள். ஜாக்கெட் போட்டிருந்தாள். சப்பாத்துப் போட்டு, இரண்டு பக்கமும் கயிறு கட்டியிருந்தாள். முதுகில் பை. துணி முயலின் தலை பைக்கு வெளியே நின்றது. அழவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரிக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கையை ஓங்கி நிற்கிற அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் ரெடி, அம்மப்பா" என்றாள். "எங்க போறம்? பீச்சுக்கா?"

அப்பாவின் கை எப்போது இறங்கியது என்று எனக்குத் தெரியாது. அவர் சுவரைப் பிடித்துப் பிடித்துப் போய் அவள் முன்னால் குனிந்தார். சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தார். "ஒரு இடமும் போகேல்லைச் செல்லம், ஒரு இடமும் போகேல்லை" என்றார். மாயா காலை இழுத்துக்கொண்டாள். மறுபடியும் தொட்டார். மறுபடியும் இழுத்துக்கொண்டாள். அவர் எழும்ப முடியாமல் அந்தச் செருப்புகளுக்கு நடுவிலேயே இருந்தார்.

கையெல்லாம் மாவோடு அம்மா சமையலறை வாசலில் நின்றா. சப்பாத்தைப் பார்த்தா. என் வாயைப் பார்த்தா. பிறகு நேரே பிரிட்ஜுக்குப் போனா. ஒரு காந்தத்தைப் பிடுங்கினா.

"இது?"

நான் விழுந்து கிடந்த மூக்குக்கண்ணாடியை எடுக்கக் குனிந்தேன்.

"உனக்குத் தெரியும். அவள் உன்னட்டைத்தான் சொல்லியிருப்பாள். இது?"

"காது."

அடுத்தது. "இது?"

"விரல்."

பதினொன்றையும் கேட்டா. பதினொன்றுக்கும் சொன்னேன். அம்மா அழவில்லை. ஒவ்வொன்றையும் வெறும் மாஜரின் டப்பாவுக்குள் போட்டா. மூடியை அழுத்தி மூடினா. வரவேற்பறைக்குப் போய் நயாகராப் படத்தை ஆணியோடு இழுத்தா. சுவரில் சீமெந்து பெயர்ந்து விழுந்தது. சட்டகத்தை முழங்காலில் வைத்து உடைத்தா. கண்ணாடி அவவின் கையைக் கிழித்தது, மாவில் இரத்தம் ஊறியது, அவ நிறுத்தவில்லை.

டப்பாவை என் முன்னால் வைத்தா. "இதையும் கொண்டுபோய்க் குடு அந்த லோயரிட்டை."

அன்றைக்கு மாயா சப்பாத்தோடுதான் சாப்பிட்டாள். சப்பாத்தோடுதான் படம் பார்த்தாள். ஒருவரும் கழற்றச் சொல்லவில்லை. பின்னேரம் தானாகக் கழற்றி, வாசலில் இல்லை, தன் கட்டிலுக்குக் கீழே வைத்தாள்.

அப்பா இரண்டு நாள் பேசவில்லை. திங்கள் காலையில் நான் எழுதிக்கொண்டிருக்க, வந்து பின்னால் நின்றார். என் கன்னத்தை அவர் பார்க்கவில்லை.

"என்னையும் எழுதுறியே?"

"ஓம் அப்பா."

பழைய மலரை எடுத்து மூடி வைத்தார். "கொம்மான்ர பேரை மட்டும் போடாத. அவளுக்கு வெக்கம்."

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "போடு பிள்ளை. என்ர பேரையும் போடு."

கமலாதேவி. போட்டுவிட்டேன்.

அப்பாவை நான் மன்னிக்கவில்லை, அக்கா. என்னை நீ மன்னிக்க வேண்டும் என்றும் கேட்கவில்லை. இந்த மலரும் அதே மண்டபத்தில், அதே வாசலில் ஆளுக்கொன்று கொடுக்கப்படும். கொடுக்கிறவர் அப்பா. அம்மா அப்படித்தான் சொல்லிவிட்டா. அவர் மறுத்துப் பேசவில்லை. அந்த அன்ரி இதையும் வாசிப்பார். வடிவான தமிழ் என்று சொல்வாரோ தெரியாது.

உனக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். விசாரணைக்கு நான் வெரோனா போவேன். நீ அனுப்பிய ஒவ்வொரு படத்தையும் மேசையில் வைப்பேன். நீ எனக்குச் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் அவன் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். திரும்பி வந்து, கோடையில், ஒரு நல்ல நாளில், மாயாவை எங்காவது கூட்டிப்போவேன். தூரம் வேண்டாம், ஒரு பஸ்ஸில் போய் வருகிற இடம் போதும். அதற்கு முதல் நாளும், அதற்கு முதல் கிழமையும், அந்த மாதம் முழுக்கவும் இந்த வீட்டில் ஒருவர் மேலும் ஒருவர் கை ஓங்கியிருக்க மாட்டார்கள். சப்பாத்தைக் கட்டிலுக்குக் கீழிருந்து அவளே எடுக்கட்டும். அவள் எங்கே போகிறோம் என்று கேட்டால், அவள் ஆசைப்படுகிற இடத்தின் பெயரை முதலில் அவளிடமே கேட்பேன்.

நீ கேட்ட இரண்டையும் செய்யாமல், அம்மாவிடம் சொல்லிவிட்டு, படங்களையும் அழிக்காமல் வைத்திருக்கிற

உன் தங்கச்சி,
அபி
ஸ்காபரோ